கொண்டி

பழைய பிஸ்டலில் இடப்பக்கம் ஒரு கொண்டி இருந்தது.
பூசணி விதை அளவு.
மேலே தூக்கினால் ஊமை.
கீழே தள்ளினால் வாய் வந்துவிடும்.
பதினோரு வருடம் தடவித் தடவி
அதன் வரிகள் தேய்ந்தனவா
என் ரேகை தேய்ந்ததா, தெரியாது.
ஆதார் மெஷின் இப்போதும்
அந்தக் கட்டைவிரலை ஏற்பதில்லை.

சித்திரையில் புதுசு கொடுத்தார்கள்.
கறுப்பு. பாதி பிளாஸ்டிக்.
சோப்புப் பெட்டி மாதிரி கனமே இல்லை.
புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், கொண்டியைக் காணோம்.
"விசைக்குள்ளேயே இருக்கும்மா" என்றார்
ஆர்மரர் சேசுராஜ்,
நடுவில் பல்லி நாக்கு போல் நீண்டிருந்ததைக் காட்டி.
"விரல் வச்சாத் திறக்கும். வைக்காட்டிப் பூட்டு."

தொட்டால் திறக்கிற கதவு.
அதுக்குப் பேரு பூட்டா சார்?

மனு எழுதினேன்.
பொருள்: கைத்துப்பாக்கியில்
கைத்தாழ் ஒன்று பொருத்தித் தர வேண்டுதல்.
மதுரையில் ஒருவர் பொருத்தித் தருகிறாராம்,
காதோடு சொன்னார் சேசுராஜ்.
"சர்க்கார் சொத்துல துளை போட்டா
உனக்கும் எனக்கும் சேர்த்து விழும் ஓட்டை."

மனு சிவகங்கையிலிருந்து மேலே போனது.
நான் பள்ளத்தூருக்குப் போனேன்.

காவல்: சிகப்பி, வயது நாற்பத்தாறு.
பைனான்ஸ் கம்பெனியில்
இரண்டு பேரேடு எழுதச் சொன்னார்கள்.
எழுதினாள்.
யாரும் சொல்லாமல் மூன்றாவதாக ஒன்றும் எழுதினாள்,
அதில்தான் நிஜக் கணக்கு.
சாட்சிக்கூண்டு ஏற
இன்னும் பத்தொன்பது நாள்.

வீடு எட்டுப் புள்ளிக்குப் பொது.
ஒரு தெருவில் நுழைந்தால்
மறு தெருவில் வெளியேறலாம்.
வளவைச் சுற்றி அறைகள், அறைக்கொரு பூட்டு,
சாவிகள் பினாங்கில், அடையாற்றில்,
ஒன்று யாரிடமென்று எட்டுப் பேருக்கும் தெரியாது.
நிலைக்கதவுக்கு மட்டும் நாலு தாழ், ஒரு குறுக்குக்கட்டை.
எல்லாம் போட்டுவிட்டுப் படுக்கையில்
இடுப்பைத் தொட்டுப் பார்ப்பேன்.
இத்தனை பெரிய வீட்டில்
பூட்டில்லாமல் தூங்குவது இது ஒன்றுதான்.

ஒன்பதாம் ராத்திரி. கரண்ட் இல்லை.
இரண்டாங்கட்டில் தகரம் உரசும் சத்தம்.
செருப்பில்லாமல் போனேன்,
பூக்கல் தரை உள்ளங்காலில் சில்லென்றது.
எப்போது உருவினேன் என்று நினைவில்லை.
கதவுக்கு அப்பால் குனிந்த முதுகு.
சட்டென்று நிமிர்கிறது.
கையில் ஏதோ மின்னுகிறது.

கட்டைவிரல்
கொண்டியைத் தேடியது.
இல்லை.
கொஞ்சம் பின்னால்.
இல்லை.
வழவழவென்று வெறும் இரும்பு.
ஆள்காட்டி விரல் வெளியிலேயே நின்றது,
மூத்தவள் முடிக்காமல்
இளையவள் தொடங்கிப் பழக்கமில்லை.

அதற்குள் அந்த முதுகு கேட்டது:
"நீங்களும் பசியோடதான் படுத்தீகளா?"

டின்னில் அடியில் கிடந்த தேன்குழல்.
மின்னியது எவர்சில்வர் மூடி.

இருவரும் தின்றோம்.
நான் இடக்கையால்.
வலக்கை என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.
நடந்ததை அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் எங்காவது எழுதி வைத்துவிடுவாள்,
சரியாக.

பத்தொன்பதாம் நாள் கூண்டில் மூன்று மணிநேரம்.
ஒரு தொகையும் பிசகவில்லை.

ஆவணியில் என் மனுவுக்குப் பதில்:
கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது.
தேவை எழவில்லை.

அதே வாரம் ரேஞ்சில் வருடாந்திரத் தேர்வு.
விசில், ஸ்டாப்வாட்ச், சணல் சாக்கு மனிதன்.
எட்டும் நெஞ்சில்.
ஆனாலும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு:
எடுத்துச் சுடுவதில் அரை நொடி தாமதம்.
திருத்திக்கொள்ள வேண்டும்.

திருத்திக்கொள்கிறேன் என்று எழுதி,
இரண்டாம் பேரேட்டில் போடுவது போல,
கையெழுத்துப் போட்டேன்.
முத்துராக்கு, முதல் நிலைக் காவலர்.