ஐந்து மணி, நான்கு நிமிடம்

தியோ என் பழைய கேமராவைக் கணினியில் மாட்டி
எண்ணிக்கை எடுத்தான்.
ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து நானூற்றாறு.
"டாக்சி மாதிரி ஓட்டியிருக்கே" என்றான்.
முந்நூற்றைம்பது வெள்ளி.
பிடியில் ரப்பர் உரிந்த இடத்தில்
நான் ஒட்டிவைத்த சைக்கிள் டியூப் துண்டை
நகத்தால் நிமிண்டிவிட்டு
முந்நூற்றிருபது என்று திருத்தினான்.

வெளியே கேம்பல் சாலையில் மழை.

புதியது ஷோகேசுக்குள் இருந்தது.
உள்ளே கண்ணாடி இல்லாத ரகம். பாதி எடை.
பதினோரு வருஷமாய்க் கல்யாணம் எடுக்கிறவளைப் பார்த்து
"முதன்முதலாய்த் தொடங்குகிறவர்களுக்கு" என்றது அட்டை.
எடுத்துப் பிடித்தேன். சுண்டுவிரலுக்கு இடமில்லை,
நிறைந்த பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலோடு நிற்பவன் போல
கீழே தொங்கியது.
என் லென்ஸ் இதில் உட்கார வேண்டுமென்றால்
நடுவில் ஒரு வளையம் வேண்டுமாம்.
வளையம் மட்டும் இருநூற்றெண்பது.

பழையதற்கு ஒரு குணம் உண்டு.
அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழும்பும், டப்பென்று.
அந்த நேரம் கண்ணுக்கு இருட்டு.
பத்தில் ஒரு நொடி இருக்கும்.
முன்னால் நடந்ததைப் பார்க்கலாம்,
பின்னால் நடப்பதைப் பார்க்கலாம்,
எடுத்ததைத்தான் பார்க்க முடியாது.

தியோ தே ஓ வாங்கப் போன நேரத்தில்
கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தேன்.
ஐந்து மணி, நான்கு நிமிடம்.

தண்ணீர்மலைக்குப் போகிற ரதத்தின் முன்னே
தேங்காய் உடைந்து
இளநீர் தரையில் விழாமல் நின்றதெல்லாம் அதற்குள்.
எத்தனை பேர் கண்ணை மூடினார்கள் என்பதும்.
நீலாவதியும்.

பட்டர்வொர்த் மண்டபத்தில்
மூன்றாம் முடிச்சு விழுகிறபோது
அவள் தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள்.
முந்தைய படத்தில் குனிந்திருக்கிறாள்.
அடுத்ததில் சிரிக்கிறாள்.
இரண்டையும் கண்ணால் கண்டவள் நான்,
நடுவில் இருந்ததை
இரவு மூன்று மணிக்குத் திரையில்தான் கண்டேன்.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்.
வாசல் சட்டகத்துக்குள் வரவில்லை.
ஆல்பத்தில் அதைச் சேர்க்கவில்லை.
அழிக்கவும் கை வரவில்லை.

தே ஓவோடு வந்த தியோவை
புதியதில், சத்தத்தை அணைத்துவிட்டு, எடுத்தேன்.
இருட்டே வரவில்லை.
அவன் இமை இறங்கியதையும் ஏறியதையும்
முழுசாய்ப் பார்த்தேன்,
குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்தவள் மாதிரி
கேமராவைச் சட்டென்று இறக்கினேன்.
"எடுத்தாச்சா?" என்றான், இன்னும் சிரித்துக்கொண்டு.
படத்தில் அவன் முகத்தின் குறுக்கே
டியூப்லைட் நான்கு கறுப்புக் கோடு போட்டிருந்தது.
சத்தம் இல்லாமல் எடுத்தால் இப்படித்தான், என்றான்,
இந்த விலைக்கு இவ்வளவுதான்.

பேரம் பேசினேன்.
முந்நூற்று எழுபதில் பழையது போனது.
வாரைக் கழற்றிக்கொண்டேன், அது என் காசில் வாங்கியது.
மேலே இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துப்
புதியதை எடுத்துக்கொண்டேன். வளையம் அடுத்த மாதம்.

ஃபெர்ரியில் மழை விட்டிருந்தது.
கண்ணில் வைத்தேன்.
கடலுக்கு முன்பே கடலின் படம் வந்து நின்றது,
கொஞ்சம் அதிக நீலம்.
தண்டவாளத்தைப் போல ஈரமாய்க் கிடந்த கைப்பிடிக் கம்பியில்
ஒரு பையன் தாடையை வைத்திருந்தான்.
இருபது படம் இருக்கும்.
பாலத்தில் விளக்கு ஏறிய நேரம் பார்த்து
உள்ளே எல்லாம் அணைந்தது.
பெட்டியோடு வந்த பேட்டரி, பாதிதான் ஏற்றியிருப்பார்கள்.

பழையது இப்படிச் செத்தாலும்
துளை வழியே ஊர் தெரியும்.
இது வெறும் கறுப்பு.

பழக்கத்தில் கை பாக்கெட்டுக்குப் போனது.
மாற்று பேட்டரி இருந்தது. தியோவுக்குக் கொடுக்க மறந்தது.
காலையில்தான் முழுசாய் ஏற்றினேன்.
செருகிப் பார்த்தேன், திருப்பிப் போட்டும் பார்த்தேன்.

பையன் என்னைப் பார்த்தான்.
பிறகு பாலத்தைப் பார்த்தான்.
நானும்.