பகர அடைப்பு

ஜெனீவாவில் இரவு இரண்டரை.
மூன்றாம் நாளாக ஒரே வரி.
எதிரெதிரே சாய்த்துவைத்த இரண்டு ப-க்களுக்கு நடுவே
மாட்டிக்கிடக்கிறது
ஆழ்கடல் கப்பல்களுக்கான டீசல் மானியம்.
ஒத்துக்கொள்ளாத சொல்லை இங்கே அடித்துவிடுவதில்லை,
அடைத்துவைப்பார்கள்.

நியிமா மன்னே, காம்பியாவின் ஒரே ஆள்.
அதே நேரம் மேல்மாடியில் பருத்தி,
அடுத்த கட்டிடத்தில் தாவர நோய்ச் சான்றிதழ்.
லிஃப்டை நம்பாமல் படியேறிப் படியிறங்கி
செருப்பு கைக்கு வந்துவிட்டது.

இங்கே வாக்கெடுப்பு கிடையாது.
யாரும் எதிர்க்கவில்லையென்றால் எல்லாரும் ஏற்றதாகப் பொருள்.
அறையில் இல்லாதவரும்
ஏற்றவர்தான்.

தன்ஜிக் கரையில் இந்நேரம் அவள் அண்ணன் செய்னி
ஏழு லிட்டர் பெட்ரோலுக்குக் கடன் சொல்லியிருப்பான்.
தூரத்தில்
கடலில் ஊர் முளைத்ததுபோல் விளக்குகள்,
பெரிய கப்பல்கள்.
போனவாரம் அவன் வலையில்
இரண்டு கூடை போங்கா, ஒரு ரப்பர் பூட்ஸ்.

மூன்றேகாலுக்கு அவள் இறங்கி வந்தபோது
தலைவர் சுத்தியலைத் தூக்கியிருந்தார்.
திரையில் அந்த வரி
அடைப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நின்றது,
முன்னால் புதிதாக ஓர் “இயன்றவரை”.

மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை.
மேசையில் கிடந்த நாட்டுப் பெயர்ப்பலகையை
நெட்டுக்குத்தாக நிறுத்தினாள்.

சுத்தியல் அந்தரத்தில்.
கண்ணாடிக் கூண்டில் மொழிபெயர்ப்பாளர்கள்
ஹெட்போனை மறுபடி மாட்டினார்கள்.
யாரோ பெருமூச்சு விட்டார், ஒலிவாங்கி அணைக்காமல்.
எழுத்தர் இரண்டு விசை தட்ட
ப-க்கள் திரும்பிவந்து இருபுறமும் நின்றன.

அவ்வளவுதான்.
மானியம் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை.

வெளியே காபி எந்திரம்
பிராங்க் காசு கேட்டது.
பையைத் துழாவினாள்:
டலாசி, டலாசி,
மணல்.