போர்வெல் நோட்டு

திருச்செங்கோடு, வேலூர் ரோட்டு ஸ்கேன் சென்டர்.
வலக்கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி
மல்லாந்து கிடக்கிறேன்.
"மூச்ச அப்படியே நிறுத்துங்கண்ணா."
விலா இடுக்கில் ஒரு சின்ன அடி.
அப்புறம் இன்னொன்று.
பத்து அடிக்கணுமாம்.

கெட்டியான ஈரலில் அலை வேகமாய் ஓடும்,
மெத்தென்றிருந்தால் தயங்கும் என்கிறாள்.
எனக்கா சொல்றே, தங்கச்சி?
இருபத்திரண்டு வருசம் ரிக் வண்டி.
ராய்ப்பூரில், பிகானேரில்,
செம்மண் முடிந்து கல் தொடங்குவதை
ஹேமர் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்,
தூக்கத்திலும்.

முதல் வருசம் ஆறு.
போன தையில் ஏழரை.
அன்றைக்கு எடுத்த படத்தில்
பக்கத்துக் கிட்னி கறுப்பாய்த்தான் இருந்தது;
ஈரல் மட்டும்
சுண்ணாம்படித்த மாதிரி.

குடிக்க மாட்டேன் என்றால்
ரிக்காரனை யார் நம்புவார்?
டாக்டர் பூங்கோதை நம்பினார்.
சாப்பாட்டைக் கேட்டார், சொன்னேன்:
நடுராத்திரி புரோட்டா,
விடிய விடியச் சர்க்கரை டீ,
பைப்பு மாட்டும் இடைவெளியில் மிக்சர்.
பிறகு பகலெல்லாம் லாரிக்கடியில் தூக்கம்.

இந்தத் தடவை எட்டு புள்ளி ஒன்பது.
எங்கள் தொழிலில்
கல் வந்தால் விரிசல் தேடுவோம்,
தண்ணீர் அங்கேதான்.
இந்தக் கல்லில் தேட எதுவுமில்லைங்களே என்றேன்.
"இன்னும் கல்லாகலீங்க. எடையில எட்டுக் கிலோ
எறக்கிட்டு வாங்க, பாக்கலாம்."

திங்கட்கிழமை வண்டி நாக்பூருக்கு.
மொதலாளி முத்துவேலப்பனிடம்
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போர் நோட்டில் ஆழத்தைப் பேனாவில்தான் எழுதுவேன்,
அடிக்கணக்கில் காசு வாங்கணுமே.
கடைசிப் பக்கத்தில்
ஆறு, ஏழரை இரண்டும் பேனாதான்.

எட்டு புள்ளி ஒன்பதை
மகனின் பென்சிலை வாங்கி எழுதினேன்.