வண்டிக்கூலி

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.
நகராட்சி அலுவலகம், ஜன்னலோர மேசை.
எதிர்ச்சுவரில் சிலுவை, அதற்கு இருபுறமும்
ஆள்பவர் இருவரின் படங்கள்.
சிலுவைக்கு இருபுறமும் முதலில் தொங்கியவர்கள் யாரென்று
வேதம் படித்தவர்களுக்குத் தெரியும்.
நான் எதுவும் சொல்லவில்லை.
அறுபத்தாறில் போர்ச்சுகலில்
காப்பிக்கடை நாற்காலிக்கும் காது உண்டு.

உப்பளத்துச் சுல்மிராவுக்கு எழுத்து தெரியாது.
தட்டச்சு செய்ததை நானே வாசிக்கவும் வேண்டியிருந்தது.
தங்கள் மகன் அடெரிட்டோ, அங்கோலாவில்,
தாய்நாட்டுக்காக
என்ற இடத்தில் நிறுத்தினேன்.
"மேலே படி" என்றாள்.
மேலே இருந்தது விலை.

உடலை ஊருக்குக் கொண்டுவரக் குடும்பத்தார் விரும்பினால்
பதினோராயிரம் எஸ்குடோ முன்பணம்.
விரும்பாவிட்டால் அங்கேயே அடக்கம், இலவசம்.
போகும்போது யாரும் கப்பல்கூலி கேட்கவில்லை.
துறைமுகத்தில் பாண்டு வாத்தியம்,
வெள்ளைக் கையுறைச் சீமாட்டிகள்
ஆளுக்கொரு சிகரெட் பெட்டி நீட்டினார்கள்.

வானொலி தினமும் சொல்கிறது:
அங்கோலா அயல்நாடு அல்ல,
நம் வீட்டின் இன்னோர் அறை.
சரி, ஒரே வீடுதான்.
ஓர் அறையில் செத்தவனை
மறு அறைக்குத் தூக்கிவர
வண்டிக்கூலி கேட்கிற வீடு எந்த ஊரில் இருக்கிறது?
காப்பிக்கொட்டை வருகிறது, பருத்தி வருகிறது,
வைரமும் வருகிறதாம், நாங்கள் பார்த்ததில்லை.
அந்த அறையில் முன்பே குடியிருந்தவர்கள்
என்ன ஆனார்கள் என்று
எந்த அரசாங்கக் கடிதத்திலும் நான் தட்டச்சு செய்ததில்லை.

அடெரிட்டோ ஒருமுறை எழுதியிருந்தான்,
மஞ்சள் விமானத்தாளில், பென்சிலால்:
"நாங்கள் கொளுத்திய ஊரில் ஒருத்தி
குடிசைச் சாம்பலையே கரைத்து வடித்துக்கொண்டிருந்தாள்.
உப்புக்காம். உன் நினைவு வந்தது அம்மா."
சுல்மிராவுக்கு வாசித்தபோது
அதை மட்டும் தாண்டிவிட்டேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பாதி நாட்டின் கருவாட்டுக்கு உப்பிட்டவள்
கோவேறு கழுதையை விற்றாள்.
பூசையில் பாதிரியார் தட்டு ஏந்தினார்.
நாவிதர் குஸ்தோடியோ நாற்பது எஸ்குடோ,
மீன்பிடிக் கப்பலிலிருந்து திரும்பியவர்கள் ஒரு நாள் கூலி,
நான் எவ்வளவு போட்டேன் என்பது வேண்டாம்.
செப்டம்பரில் தொகை நிரம்பிவிட்டது.

அக்டோபரில் பெட்டி வரவில்லை.
நவம்பரில் படைக்கு அழைப்போர் பட்டியல் என் மேசைக்கு வந்தது.
நாற்பத்தொன்றாவது பெயர் ஒலெகாரியோ,
சுல்மிராவின் இளையவன்.
பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன்.
அதற்குள் அவன் ஊரில் இல்லை.

எல்லை தாண்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம்.
புகைப்படத்தை நடுவே கிழிப்பார்கள்.
பாதி வீட்டில், பாதி போகிறவன் சட்டைப்பையில்.
பிரான்சிலிருந்து அந்தப் பாதி தபாலில் வந்தால்
வழிகாட்டிக்கு மீதிப் பணம்.

ஊருக்குத் தெரியும்.
செத்தவனை அழைத்துவரத் தந்த காசு
இருப்பவனை அனுப்பிவைத்தது.
"கப்பல் தாமதம் போல" என்றார் குஸ்தோடியோ,
என் கன்னத்தில் சோப்பு நுரையைப் பூசியபடி.
"புயல் காலம்" என்றேன்.
கத்தி ஒரு நொடி கழுத்தில் நின்று, நகர்ந்தது.

ஜனவரியில் வந்தாள் சுல்மிரா.
அந்த இரண்டு படங்களுக்குக் கீழே
என் மேசைமேல் இரண்டு பாதிகளை ஒட்டவைத்தாள்.
மூக்கருகில் மட்டும் கொஞ்சம் சேரவில்லை.
படிவத்தில் "இருப்பிடம்" என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று அடித்தேன்.

அவள் போகவில்லை.
மடியிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தாள்.
"எனக்கு எழுத்து தெரியாது, எண்ணத் தெரியும்.
தினமும் உப்புக்குவியல் எண்ணுகிறவள்.
அன்றைக்கு உன் விரல்
மூன்று வரிகளைத் தாண்டிப் போயிற்று.
இப்போது படி."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
படித்தேன்.