பெரட்டு

ஆயர் தாவார் முச்சந்தியில் காரின் பின்சக்கரம்
செம்பனை லாரி உதிர்த்த முள் ஒன்றை வாங்கிக்கொண்டது.
டயர் கடையில் ஜாக்கி போட்டவன்
நிமிர்ந்து பார்த்தான்.
கையில் ஸ்பானரோடு குதிகால் சேர்த்தான்.
"துவான்."

பார்த்திபன். இயந்திர அறை, பின்னிரவுக் காவல்.
முகம் மறந்துபோகும் எனக்கு.
பணிப்பட்டியலில் யார் எந்தக் கட்டத்தில் என்பது
மறப்பதில்லை.

மூன்று வருடம் ஒரு போர்க்கப்பலில் நான் இரண்டாமவன்.
மலாயில் பெகாவாய் லக்சானா.
கீழ்த்தளத்தில் வேறு பெயர், இங்கே வேண்டாம்.
கப்டன் கடலைப் பார்ப்பார்.
நான் கப்பலைப் பார்ப்பேன்:
துரு, தூக்கம், கழிவறைத் தாழ்ப்பாள்,
சவரம் செய்யாத தாடை,
சமையலறையில் குறைகிற முட்டை,
எவன் மனைவி போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள் என்பது.
'வலது பத்து' என்று அவர் ஒருமுறை சொன்னால்
நூற்று எழுபது பேர் அசைய வேண்டும்.
அதற்கு முந்தைய எல்லா நாளும் என் கணக்கு.

இன்னொன்றும் உண்டு, பயிற்சிப் புத்தகத்தில் இராது.
'முடியாது' என்பது என் வாய்ச்சொல்.
'சரி, போய் வா' அவருடையது.
ஒருவர்மேல் கப்பல் பிரியமாய் இருக்க வேண்டும்;
வெறுப்பைக் கொண்டுபோய்க் கொட்ட
பக்கத்து அறையில் ஓர் ஆள் வேண்டும்.

லூமுட்டில் கற்றதில்லை இது.
ஐந்தரை மணிப் பெரட்டில்,
அம்மாவின் பால்வாளிக்குப் பின்னால்
அரைத்தூக்கத்தில் நின்று கற்றது.
மண்டோர் சின்னப்பன் பேர் கூப்பிடுவான்.
ஒரு நிமிடம் பிந்தினால் அரைநாள் போச்சு.
துரை வாய்திறந்து நான் கேட்டதே இல்லை.
தீபாவளிக்கு வருவார்,
ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுப்பார்.
துரை தங்கம், மண்டோர் சனியன்:
தோட்டமே சொன்னது, நானும் சொன்னேன்.
மண்டோர் வீட்டு நாய்மேல்கூடக் கல்லெறிந்தேன்.

மேல்தளத்தில் முதல் நாள்
வெள்ளைச் சீருடை வரிசை முன் நின்றபோது
பரேடு என்ற சொல் வரவில்லை.
பெரட்டு என்றுதான் வந்தது.
பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டேன்.

பார்த்திபன் சக்கரத்தைத் தொட்டியில் முக்குகிறான்.
குமிழ் எங்கே வருகிறதென்று இருவரும் குனிந்திருக்கிறோம்.
"அப்பா செத்தப்ப கப்டன் விட்டாரு துவான்.
இல்லன்னா கொள்ளி வச்சிருக்க மாட்டேன்.
நல்ல மனுசன்."
என்னைப் பார்க்காமல், தண்ணீரிடம் சொல்கிறான்.

முடியாது என்றது நான்.
காலை ஆறுக்குப் புறப்பாடு,
இயந்திர அறையில் ஏற்கெனவே இருவர் குறைவு.
அவனை அனுப்பிவிட்டு
கப்டன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.
உள்ளே இருபது நிமிடம். என் குரல்தான் அதிகம்.
கதவு திறந்தபோது அது அவருடைய முடிவு.
அப்படித்தான் இருக்க வேண்டும்.
பிறகு காலிக் கட்டத்துக்கு ஆள் தேடினேன்.
கெடாவுக்குப் பஸ் ஏறவிருந்த சம்சூரியின் விடுப்பை
நள்ளிரவில் வெட்டினேன்.
அவன் பெண்ணுக்கு அன்று முதல் பிறந்தநாள்.
இந்நேரம் ஏதோ ஒரு கடையில்
என்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.
திட்டட்டும்.

சொல்லலாமா?
குமிழ் வந்துவிட்டது.
சாக்கட்டியால் வட்டம் போட்டான்.

"ஆமா, நல்ல மனுசன்" என்றேன்.

பன்னிரண்டு வெள்ளி. பதினைந்து நீட்டினேன்.
மூன்றை எண்ணித் திருப்பிக் கொடுத்தான்.
"மண்டோர் சின்னப்பன் இருக்காரா?"
"இருக்காரு. பழைய மில்லுக்குப் பின்னால, ஃபிளாட்டுல.
யாரும் போறதில்ல துவான்."

எதிர்ச்சாரியில் சீனர் கடை.
ஆரஞ்சைக் கையில் எடுத்தேன்.
துரை வந்ததுபோல் ஆகிவிடும்.
வைத்துவிட்டு
ஒரு டின் பிஸ்கட் எடுத்தேன்.