மைனஸ் இருபத்தைந்து

போர் லூயி துறைமுகத்தில்
சூரை மீன் அடுக்கும் குளிர்க்கிடங்கில் எனக்கு வேலை.
பதினோரு வருடம்.
கதவுக்கு மேலே சிவப்பு எண்கள்:
மைனஸ் இருபத்தைந்து.
கதவுக்கு வெளியே டிசம்பர்,
லீச்சி விற்பவனின் சட்டை
முதுகோடு ஒட்டியிருக்கும்.

எஸ்தோனியாவில் தார்த்து என்றொரு ஊருக்கு
நீ புள்ளியியல் படிக்கப் புறப்பட்டபோது
உன் அக்கா கேட்டாள்,
அந்தக் குளிரை இவள் எப்படித் தாங்குவாள்?
எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள்.
நீ என்னைப் பார்த்தாய்.

அதன்பிறகு நம் பேச்சில்
காதல் குறைந்து குளிர் கூடிவிட்டது, கோமளா.
இரும்பை வெறுங்கையால் தொடாதே என்றேன்.
காலுறை இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகும்,
இறுகினால் இரத்தம் ஓடாது,
ஒன்று போதும், கம்பளியாக இருக்கட்டும் என்றேன்.
மூச்சை மூக்கால் இழு.
விரல் வலித்தால் பயப்படாதே,
வலி நின்றால் பயப்படு.
தொழிற்சங்கக் கூட்டத்தில்கூட
நான் இவ்வளவு பேசியதில்லை.

இங்கே பாடம் நடத்துகிறவர்களை விட
நீ தெளிவாகச் சொல்கிறாய் என்று சிரித்தாய்.
அன்று முழுக்க
உறைந்த மீன்களுக்கு நடுவே
பேராசிரியர் போல நடந்தேன்.
ரிஷாத் கேட்டான்,
என்ன, சம்பளம் ஏற்றிவிட்டார்களா?

ஜனவரியில் உன் குரல் மெலிந்தது.
மூன்றரை மணிக்கே இருட்டுகிறது என்றாய்.
ஆறு உறைந்துவிட்டது,
அதன்மேல் ஒருவர் நாயோடு நடந்துபோனார் என்றாய்.
நூலகத்திலிருந்து அறைக்குப் பன்னிரண்டு நிமிடம்,
வழியில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.
நான் மறுபடி விரல்களைப் பற்றித் தொடங்கினேன்.

நிறுத்தினாய்.
'உன் குளிருக்குக் கதவு இருக்கிறது.'

அதற்குப் பிறகு
இணைப்பு அறுந்துவிட்டதாக
இருவருமே நடித்தோம்.

இருபத்தைந்து நிமிடம் உள்ளே,
பத்து நிமிடம் வெளியே. அது விதி.
வெளியே வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு
சிமெண்டுத் தரையில், வெயிலில், கால் நீட்டுவோம்.
மீசையில் படிந்த பனி உருகி உதட்டில் இறங்கும்.
அந்தப் பத்து நிமிடத்தை
ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.
எண்ணுவது உன் படிப்பு.

மறுநாள் மணி அடித்தும் வெளியே போகவில்லை.
மடத்தனம்தான்.
ஏழாம் வரிசையில், கடைசித் தட்டுக்குப் பின்னால்
அசையாமல் நின்றேன்.
முப்பது நிமிடம்.
முப்பத்தைந்து.
உள்ளே ஆளில்லை என்று நினைத்து
விளக்கு தானே அணைந்தது.

குளிரை எனக்குத் தெரியும்.
அதற்குள் இன்னொன்று இருந்தது,
பதினோரு வருடமாக அவசரமாக வெளியேறி
நான் பார்க்காமல் விட்டது.
கையை ஆட்டினேன்,
நான் இருக்கிறேன் என்று விளக்குக்குச் சொல்ல.

மிஸ்யே லபூஷ் கதவைத் திறந்தார்,
அம்மாவை இழுக்கும் கெட்ட வார்த்தையோடு.
எச்சரிக்கைக் கடிதம். மூன்று நாள் சம்பளம் வெட்டு.
இதை உன்னிடம் நான் சொல்லவில்லை.

அன்றிரவு, எனக்குப் பத்து மணி, உனக்கு எட்டு,
விரல், காலுறை எதையும் கேட்காமல்
பேசாவிட்டாலும் பரவாயில்லை,
போனை வைத்துவிடாதே என்றேன்.

நீ படித்தாய்.
பக்கம் திரும்பும் சத்தம்.
இங்கே இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை,
பக்கத்து வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள்.
அது என்ன?
சுத்தியல்.
இங்கே பனியை வழிக்கிறார்கள், கேட்கிறதா?
கேட்டது. அடிபிடித்த சட்டியைச்
சுரண்டுவது போல, தூரத்தில்.

பதினொன்றரைக்கு நீ கேட்டாய்,
உன் கிடங்கு என்ன மணக்கும்?
மீன், அட்டைப்பெட்டி, ஈரக் கையுறை என்றேன்.
'இங்கே எதுவுமே மணப்பதில்லை.
உன் கையுறையை எனக்கு அனுப்பு.
துவைக்காதே.'

புயல் திசைமாறிப் போனபின்
போ பாசென் தபால் நிலையத்தில் படிவம் நிரப்பினேன்.
பொருள்: கையுறை, ஒன்று.
இன்னொன்று எங்கே என்றாள் அந்தப் பெண்,
மூக்கைச் சுளித்துக்கொண்டு.
நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.