கரை ஒதுங்கிய எண்கள்

தொண்டியில் மின்சாரம் போகுமுன்
ஒருமுறை கண்ணடிக்கும்.
அப்போதே எழுந்து ஓடினால்
கணினியை முறையாக அணைத்துவிடலாம்.
நேற்று என் கையில் மீன் செதில்.

காலையில் கறுப்புத் திரை.
எதிர்பாராத முரண்பாடு,
உன் கையாலேயே சரிசெய் என்று ஒரு வரி.
அதன் கீழே துடிக்கும் சின்னக் கோடு.

நண்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதுகிறேன்.
எத்தனை கூடை, எத்தனை கிலோ,
கால் உடைந்தது எத்தனை,
யாருக்கு எவ்வளவு முன்பணம்.
லினக்ஸ் போட்டுத் தந்தவர் சின்ன மச்சான் ஜலாலுதீன்.
காசு கேட்காது, வைரஸ் வராது என்றார்.
உப்பு வரும் என்று சொல்லவில்லை.

ஐப்பசியில் திறக்க மறுத்து
மூன்று மூன்று தரமாகக் கூவியது.
நினைவகப் பட்டையைக் கழற்றி
மகனின் ரப்பரால் தேய்த்தேன்.
பச்சைக் களிம்பு உதிர்ந்தது.
மார்கழியில் இடமில்லை என்றது.
பார்த்தால், தனக்கு நேர்ந்த குறைகளையெல்லாம்
நொடிக்கு நொடி எழுதிவைத்து
நாற்பது ஜிபி நிரப்பியிருக்கிறது.
அழித்தேன்.
(எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.)

கட்டளைகளைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி
அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
முன்னால் தொழுகை நேரம், பின்னால் சுடோ.
இன்றைக்கான தாள் எண்ணெய் பட்டு மங்கியிருந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
எஃப், எஸ், சி, கே என்று
ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.

இதற்குத் தகப்பன் இல்லை, சேர்க்கவா?
ஒய்.
எண்ணிக்கை தவறு, திருத்தவா?
ஒய்.
இதுவும் அதுவும் ஒரே இடத்தை
என்னுடையது என்கின்றன, பிரிக்கவா?
ஒய். ஒய். ஒய்.
நிக்காஹ்வில்கூட மூன்று தரம்தான் கேட்டார்கள்.

எழுந்துகொண்டது.
கணக்கு வைத்திருந்த உறை காலி.

தாளில் கடைசி வரி ஒன்று பாக்கி:
தொலைந்ததும் கிடைத்ததும் என்றொரு அறை,
சுடோ சொன்னால்தான் திறக்கும்.
சொன்னேன்.
உள்ளே வெறும் எண்கள்.
131075. 131076. 131080.
வாடை அடித்த மறுநாள்
கரையில் கிடப்பவற்றுக்கும் பெயர் இருக்காது.
சிங்கள எழுத்துப் போட்ட ஷாம்பு புட்டி,
ஒற்றைச் செருப்பு, மிதவை.
எடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான்
இது இன்னது எனலாம்.

முதல் எண் ஒரு படம்:
அழுகிய நண்டு, விலை குறைக்கச் சாட்சி.
அடுத்தது கேஸ் ரசீது.
அடுத்தது மகன் பாதியில் விட்ட
சூரியக் குடும்பம், வியாழன் வரை.
131102 முன்பணக் கணக்கு.

நாற்பத்தொரு பெயர்.
அடைக்கலராஜ், ஒன்பதாயிரம்.
செங்கோல், இருபத்திரண்டாயிரம், வலை அறுந்த வகையில்.
காத்தாயி, புருஷன் வாங்கியது,
புருஷன் இல்லை, பாக்கி இருக்கிறது.
என் கையெழுத்து இல்லாத என் எழுத்து.

ரியாஸ்கனி முதலாளி இரண்டாம் தரம் கூப்பிட்டார்.
“அந்த முன்பணக் கணக்கு வந்துருச்சாம்மா?
நோட்டை எல்லாம் எடைக்குப் போட்டாச்சு,
வேற எங்கயும் இல்ல.”
தேடிக்கிட்டிருக்கேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது.

இடம் மாற்றிப் பெயர் வைக்கும் கட்டளைக்கு இரண்டெழுத்து.
அழிக்கும் கட்டளைக்கும் இரண்டெழுத்து.
சேர்ப்பதற்கு முப்பது தரம் கேட்ட இயந்திரம்
சுடோ போட்டு அழித்தால்
ஒரு தரம்கூடக் கேட்காது.

காத்தாயி பக்கத்துத் தெருதான்.
சனிக்கிழமை கணவாய் கொடுத்தனுப்பினாள்,
காசு வாங்கவில்லை.
அதற்காக இல்லை.
எதற்காக என்றும் தெரியவில்லை.

சுடோ, இடைவெளி.
பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் நின்றது.
தொட்டி நிறைந்ததா, மின்சாரம் இழுக்கிறதா
என்று பார்க்க எழுந்திருக்கவில்லை.